துரை அவர்கள் ஊடாக

பாக்கியலெட்சுமிக்கு வலி பிடரியில் தொடங்கும். அங்கிருந்து இடது தோளுக்கு இறங்கி, முழங்கை வரை வந்து நிற்கும். பகல் முழுக்கக் கொழுந்துக் கூடையின் கயிறு தலையை இழுக்கும். மாலையில் அதே தலையில் தண்ணீர்க் குடம் ஏறும். நாற்பத்துமூன்று வயதில் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பப் பழகியிருந்தாள். வரிசை வீடுகளான லயத்தில் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் பஸ் திருப்புவதுபோல் திரும்புகிறாள் என்று புருஷன் சின்னராசா சிரிப்பான். அவனுக்கும் இடுப்பு போய்விட்டது. தொழிற்சாலையில் மூட்டை தூக்கியது.

கல்லூத்துத் தோட்டம் தெமோதரை ஸ்டேஷனிலிருந்து நாலு மைல். கீழ்ப்பிரிவில் மூன்று லயம், நாற்பத்திரண்டு குடும்பம், ஒரே ஒரு பீலி. பாறைக்கு அடியில் கசிகிற ஊற்றை ஓர் இரும்புக் குழாய் வைத்து வெளியே விட்டிருந்தார்கள், அதுதான் பீலி. குடிக்க, சோறாக்க, குளிக்க, பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் வைக்க, செத்தவனைக் கழுவ எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான். வரட்சியிலும் அது நின்றதில்லை. விரல் கனத்துக்கு வரும், ஆனால் வரும்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு சாயங்காலம் அவள் குடத்தோடு போனபோது, பீலிக்கு மேலே இருபது அடி தள்ளி, மூன்று பேர் முக்காலியில் கருவி வைத்து நிலம் அளந்துகொண்டிருந்தார்கள். நாலு மூலையிலும் சிவப்புப் பூசிய முளை அடித்திருந்தது. மூவரில் ஒருவன் தமிழ் பேசினான். நிஷாந்த் என்று பெயர். பண்டாரவளைப் பக்கத்து ஆள்.

"தம்பி, அங்க என்னத்த அடிக்கிறீங்க? அதுக்குக் கீழதான் எங்க தண்ணி வருது."

"டவர் வருதுக்கா. பெரிய டவர். கரண்டு கம்பி இழுக்க."

"எங்க லயத்துக்கா?"

அவன் சிரித்தான். "உங்க தலைக்கு மேலால போகும். தெக்க கடல் பக்கம் ஹார்பர் கட்டப்போறாங்க. அங்க கேஸ்ல ஓடுற கரண்டு ஸ்டேசன் ஒண்ணு. கேஸு கப்பல்ல வரும். அங்க எடுக்குற கரண்ட மலைப்பக்கம் கொண்டுவர்ற லைன் இது."

"கேஸுன்னா? அடுப்பு எரிக்கிற கேஸா?"

"அந்த மாதிரித்தான்னு வச்சுக்கங்க."

"நாங்க வெறகு பொறுக்கி எரிக்கிறோம். கடல்ல கேஸ் எரிக்கிறவன் எங்க தண்ணி மேலதான் வந்து காலு வைக்கணுமா?"

 நிஷாந்த் முளையைக் காலால் தட்டிப் பார்த்தான்.

"எத்தன அடி தோண்டுவீங்க?"

"நாலு காலு. ஒரு காலுக்குப் பத்து, பன்னெண்டு அடி. பாறையா இருந்தா வெடி வைப்பாங்க."

வெடி என்றதும் அவள் குடத்தைக் கீழே வைத்தாள். மேற்பிரிவில் லொறி றோட்டுக்குப் பாறை உடைத்த வருஷம் அங்கிருந்த சின்ன ஊற்று இடம் மாறிப் போனது. எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தண்ணீருக்குக் கோபம் வந்தால் சொல்லிவிட்டுப் போகாது.

"இத கொஞ்சம் மேல தள்ளி அடிக்க முடியாதா? அம்பதடி தள்ளுனா பீலிக்கு ஒண்ணும் ஆகாது."

"நான் கூலிக்கு முளை அடிக்கிறவன்க்கா." அவன் மற்ற இருவரையும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "எழுதிக் குடுக்கலாம். அதுக்குச் சட்டம் இருக்கு. இந்த வேலையால எங்கெங்க என்ன பாதிப்புன்னு ஒரு அறிக்கை போட்டுப் பதுளை ஆபிஸ்ல வச்சிருக்காங்க. யாரு வேணாலும் பாக்கலாம், வேணாம்னு எழுதலாம். முப்பது வேல நாளுக்குள்ள எழுதணும். நான் சொன்னேன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிறாதீங்க."

யாரு வேணாலும் என்ற சொல்லில் தானும் அடக்கம் என்பது அவளுக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு பாதி வழி ஏறிய பிறகுதான் உறைத்தது.

பதுளைக்குப் போக ஒரு பேர் போனது. தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்றுதான் சொல்வார்கள். காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் நின்று, கணக்கில் பெயர் விழுந்து, மாலையில் நிறுக்கும்போது கொழுந்து காணவேண்டும். காணாவிட்டால் அரைப் பேர். வராவிட்டால் பேர் இல்லை. மாதத்தில் பேர் குறைந்தால் மேற்காசும் குறையும். அவள் கங்காணியிடம் பல்வலி என்றாள். "பல்லுக்கா, சொல்லுக்கா?" என்று கேட்டுவிட்டு அவர் விட்டுவிட்டார். நிஷாந்த் முளை அடித்த கதை அதற்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்திருந்தது.

அரசாங்கக் கந்தோரின் நடைபாதை முடிவில் ஒரு மேசை. அதன்மேல் மூன்று தடித்த புத்தகங்கள், ஆங்கிலம், சிங்களம், தமிழ். மூன்றையும் நூல் கயிற்றால் மேசைக் காலோடு கட்டியிருந்தார்கள். பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்த சரோஜாதேவி அந்தக் கந்தோரின் எழுதுவினைஞர். யாழ்ப்பாணத்து ஆள், பதுளைக்கு வந்து ஆறு வருஷம்.

"என்ன வேணும் அம்மா? பிறப்புப் பத்திரம் எண்டால் அங்கால."

"இந்த அறிக்கைய பாக்கணுங்க."

சரோஜாதேவி எழுந்தே வந்துவிட்டாள். "இதையோ? இருங்கோ, இருங்கோ. கதிரை கொண்டு வாறன். ரெண்டு கிழமையா மேசையில கிடக்குது, தூசி தட்ட வாற ஆளைத் தவிர ஒருத்தரும் தொடேல்லை." பதிவுப் புத்தகத்தை நீட்டினாள். வெறும் பக்கம். முதல் வரியில் பாக்கியலெட்சுமி தன் பெயரை எழுதினாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற கையெழுத்து. ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நின்றது.

தமிழ்ப் புத்தகம் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். பெரும்பாலும் கடல்தான். கப்பல் எங்கே நிற்கும், கடலடி மண்ணை எவ்வளவு ஆழம் வாருவார்கள், எரிவாயுத் தாங்கி வெடித்தால் தீ எவ்வளவு தூரம் போகும், நிலையத்திலிருந்து திரும்ப விடும் தண்ணீர் எவ்வளவு சூடு, அந்தச் சூட்டில் எந்த மீன் சாகும். கடலாமை முட்டையிடும் மணலைப் பற்றி மட்டும் எட்டுப் பக்கம். ஆமைமேல் அவளுக்குக் கோபம் இல்லை. அதற்கும் குட்டி குஞ்சு இருக்கும். ஆனால் அவள் எதிர்பார்த்த மலையைக் காணவில்லை. ஒரு மணி நேரம் விரல் வைத்துப் படித்துக் கண் எரிந்த பிறகு சரோஜாதேவியே வந்து கடைசிப் பக்கங்களைப் புரட்டிக் கொடுத்தாள். அங்கே கோபுரங்களின் அட்டவணை. எண்பத்தேழாம் இலக்கம், கல்லூத்துத் தோட்டம், கீழ்ப்பிரிவு.

நிலப் பயன்பாடு: தேயிலை. உரிமை: தோட்டக் கம்பனி. அண்மையில் குடியிருப்பாளர்: இல்லை. நீர்நிலை: இல்லை.

பாக்கியலெட்சுமி அந்த வரியை இரண்டு தரம் படித்தாள்.

"இல்லைன்னு போட்டுருக்காங்க."

"என்னது இல்லை?"

"நாங்க இல்லைன்னு. தண்ணியும் இல்லைன்னு." வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு வரவேண்டிய இடம் அதுவல்ல என்று அவளுக்கே தெரிந்தது. "நாப்பத்திரெண்டு குடும்பங்க. எண்ண வந்தவன் எந்தப் பக்கத்தால வந்தானோ."

சரோஜாதேவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். "இது பிழை. பெரிய பிழை. இதைத்தான் நீங்கள் எழுத வேணும். இத்தனையாம் பக்கத்தில இப்பிடிக் கிடக்குது, உண்மை இது, எத்தனை குடும்பம், எத்தனை அடி தூரம் எண்டு. கனக்க எழுதத் தேவையில்லை. விலாசம் இந்தா." ஒரு துண்டில், அனுமதி கொடுக்கும் கொழும்புக் கந்தோரின் விலாசத்தை எழுதிக் கொடுத்தாள். "ஜூலை இருபத்தோராந் திகதி, வெள்ளிக்கிழமை. அதுக்குள்ள அங்க கிடைக்கவேணும். பதிவுத் தபாலில நேர அனுப்புங்கோ. விளங்கினதே? நேர."

"வெளங்குதுங்க."

விளங்கியது என்றுதான் அவளும் நினைத்தாள்.

கடிதத்தைப் பிள்ளைக் காம்பராவில் வைத்து எழுதினார்கள். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் அறை அது. அங்கே பிள்ளைகளைப் பார்க்கும் துஷாந்தினி சாதாரணதரப் பரீட்சை எழுதியவள். கீழ்ப்பிரிவின் கடிதங்கள் எல்லாம் அவள் கையால்தான். ஒரு காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே அழகாக எழுதினாள். பக்க இலக்கம், குடும்பக் கணக்கு, பீலிக்கும் முளைக்கும் உள்ள தூரம் எல்லாம் வந்தது. கோபுரத்தை ஐம்பது அடி மேலே தள்ளுங்கள், அவ்வளவுதான் கேட்கிறோம் என்று முடித்தாள். அறுபத்தொரு பேர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள்.

தோட்டத் தலைவர் வீரய்யா, தொழிற்சங்கத்தின் ஆள், கடைசியாக வந்தார். மூக்குக் கண்ணாடியை மடியிலிருந்து எடுத்தார்.

"என்னா பாக்கியம், பதுளைக்கு ஒரு நடை போயிட்டு வந்து சங்கத்தையே தூக்கிச் சாப்புட்டுட்ட?"

"சங்கம் தூங்குச்சு அண்ணே. எழுப்ப மனசு வரல."

காம்பரா வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். வீரய்யாவும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பெரிய எம். பி. மாதிரி நீளமாகப் போட்டார்.

அப்போதுதான் பாக்கியலெட்சுமி கடிதத்தின் தலையைப் பார்த்தாள்.

"துஷா, மேல 'துரை அவர்கள் ஊடாக'ன்னு போடலியே?"

"அந்த அம்மா நேரா அனுப்பச் சொன்னாங்கன்னு சொன்னீங்களேக்கா."

"நேராத்தான். துரை வழியா நேரா."

துஷாந்தினி பேனையைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தாள். "இது அரசாங்கத்துக்கு எழுதுறதுக்கா. தோட்டத்துக்கு இல்ல."

"அடி, அடையாள அட்டை அரசாங்கத்துக்கு எழுதலியா? அது யாரு வழியாப் போச்சு? மேல தொரை பேரு இல்லாத கடுதாசிய எவன் கையில எடுப்பான்? மொட்டக் கடுதாசின்னு தூக்கி எறிஞ்சுருவான்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. அவள் பிறந்ததைப் பதிந்தது தோட்டத்து ஆபிஸ். கல்யாணத்துக்கு முன்கடன் கேட்டது தோட்டத்தை நடத்தும் துரை ஊடாக. குடியிருக்கும் லயத்துக் காம்பராவின் கூரைத் தகரம் ஒழுகியபோது எழுதியது துரை ஊடாக. சேமலாப நிதிக்கு, பிள்ளையைப் பள்ளிக்கூடம் சேர்க்க, மாமனார் செத்தபோது புதைக்க ஆறடி நிலம் கேட்க, பிரசவ வலியில் லொறி கேட்க எல்லாத் தாளும் அந்த ஒரு வாசல் வழியாகத்தான் வெளியே போனது. வெளியிலிருந்து அவளுக்கு வந்த ஒவ்வொரு தபாலும் ஆபிசுக்கு வந்து, கிளாக்கர் மேசையில் கிடந்து, மனம் வந்தபோது லயத்துக்கு வந்தது. துரை இல்லாமல் ஒரு கடிதம் மலையை விட்டு இறங்கும் என்று அவளுக்கு யாரும் காட்டியதில்லை.

வீரய்யாவும் தலையாட்டினார். "பாக்கியம் சொல்றது சரி. தொரைக்குத் தெரியாம கொழும்புக்கு எழுதுனா நாளைக்கு அவரு மொகத்துல முழிக்கணுமில்ல? லொறி கேக்க அவருகிட்டத்தான போறோம். மரியாதைக்குப் போட்டுருவோம்."

துஷாந்தினி வேறு தாள் எடுத்து முழுவதையும் மறுபடி எழுதினாள். அறுபத்தொரு பேரும் மறுபடி கையெழுத்து வைத்தார்கள். பெருவிரல் மை காயாத கிழவிகள் முணுமுணுத்தார்கள்.

ஜூலை மூன்றாம் திகதி பெரட்டு முடிந்து பாக்கியலெட்சுமியும் வீரய்யாவும் ஆபிஸ் ஜன்னலில் நின்றார்கள். பெரிய கிளாக்கர் சரவணமுத்து கடிதத்தை வாங்கிக் கடைசிவரை படித்தார். முப்பது வருஷமாகத் தோட்டங்களிலேயே இருந்தவர். பேச்சு மட்டும் யாழ்ப்பாணத்திலேயே நின்றிருந்தது.

"வடிவா எழுதியிருக்கிறியள். துரை லீவில. வந்தாப்பிறகு பாத்து அனுப்புவம்."

"இருவத்தியோராம் தேதிக்குள்ள கெடைக்கணுங்கய்யா."

"தெரியும், தெரியும். அதிலயே எழுதிக் கிடக்குது தானே?" அவள் கூடக் கொண்டுவந்த பிரதியில் ஊதா நிறத்தில் முத்திரை குத்தித் திகதி போட்டுக் கொடுத்தார்.

முத்திரையைப் பார்த்தபோது பாக்கியலெட்சுமிக்குப் பாதிப் பாரம் இறங்கினாற்போல் இருந்தது. பிரதியை நாலாக மடித்துச் சோற்று ரின் டப்பாவின் அடியில் வைத்துக்கொண்டு மலைக்கு ஏறினாள்.

பிறகு காத்திருந்தார்கள். காத்திருப்பதும் ஒரு வேலைதான், அதற்குப் பேர் கிடையாது. காலையில் கொழுந்து, பகலில் வெயில், மாலையில் பீலியில் வரிசை. ஜூலையில் தண்ணீர் மெலிந்து ஒரு குடம் நிறையக் கால் மணி நேரம் பிடித்தது. வரிசையில் நின்ற பெண்களுக்கு வேறு பேச்சு இல்லை.

"என்னா பாக்கியம், கொழும்புல இருந்து மறுமொழி வந்திருச்சா?"

"வரும்."

"வர்றப்ப ரெண்டு கொடம் தண்ணியும் சேத்துக் கொண்டாரச் சொல்லு."

இரண்டு தரம் ஆபிஸ் ஜன்னலுக்குப் போனாள். முதல் தரம் துரை இன்னும் வரவில்லை. இரண்டாம் தரம் துரை வந்துவிட்டார், ஃபைல் மேசையில் இருக்கிறது. மூன்றாம் தரம் போகக் கூச்சமாக இருந்தது. ஒரே விஷயத்துக்கு மூன்று தரம் ஜன்னலில் நின்றால் வாய்க்காரி என்று பெயர் விழும். கொழுந்தெடுக்க நல்ல மலையில் நிரை கிடைக்காது. வெள்ளிக்கிழமை இருபத்தோராம் திகதி அவள் தலையில் கயிற்றோடு ஏழாம் நம்பர் மலையில் நின்றாள். அன்றைக்கு விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த கிழமை இன்னொரு பேரை விட்டுவிட்டுப் பதுளைக்குப் போனாள். மேசையில் புத்தகங்கள் இல்லை. கயிறு மட்டும் கட்டியபடி கிடந்தது.

சரோஜாதேவி அவளை இருத்திவிட்டுக் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தாள். லைன் கிடைக்க அரை மணி நேரம். கிடைத்ததும் சிங்களத்தில் நிறையப் பேசினாள், எழுதினாள், சரி சரி என்றாள். ரிசீவரை வைத்தபோது முகம் வாடியிருந்தது.

"முழுத் திட்டத்துக்கும் சேர்த்து எட்டுக் கடிதந்தான் போயிருக்குதாம். எட்டும் கடற்கரை ஆக்கள் எழுதினது. மீன்பிடிச் சங்கம், பள்ளிவாசல், ஒரு பௌத்த பன்சலை. மலைப் பக்கத்தில இருந்து ஒண்டுமில்லை எண்டு சொல்லுகினம்."

"குடுத்தமேங்க. சீலு இருக்கு." பிரதியைப் பிரித்து மேசையில் வைத்தாள்.

சரோஜாதேவியின் விரல் தாளின் தலையிலேயே நின்றுவிட்டது.

"இதை ஏன் அம்மா போட்டனீங்கள்?"

"எப்பவும் போடுறதுதானங்க."

கந்தோரில் மின்விசிறி கரகரவென்று சுற்றியது. சரோஜாதேவி பிரதியை அவள் பக்கம் தள்ளினாள். "நானும் இடமாற்றம் கேட்டு எழுதேக்க மேலதிகாரி ஊடாக எண்டு போடுறனான்தான். அது உத்தியோகத்துக்கு. இது வேற. உங்களைத் தோட்டத்தின்ர வேலையாள் எண்டு கேக்கேல்லை. அங்க இருக்கிற சனம் எண்டு கேட்டவை. இருக்கிற சனத்துக்கும் கொழும்புக்கும் நடுவில ஒருத்தரும் வேண்டாம்."

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானங்க. வேல இல்லாட்டி காம்பரா இல்ல. காம்பரா இல்லாட்டி இருக்குற சனமும் இல்ல."

 சரோஜாதேவி பால் விடாத பிளேன்ரீ வரவழைத்துக் கொடுத்தாள். பிரதியில் கையெழுத்துகள் இல்லை, பிந்தினாலும் அசல் கடிதம் போகட்டும், போய் வாங்கி அனுப்புங்கள் என்றாள்.

மறுநாள் ஆபிஸ் ஜன்னலில் பாக்கியலெட்சுமி கூச்சப்படவில்லை.

"அய்யா, எங்க கடுதாசி எங்க?"

சரவணமுத்து ஃபைலை எடுத்தார். மறைக்கவில்லை. மறைக்கிற மனிதரும் அல்ல. "துரை அதைக் கம்பனியின்ர தலைமைக் கந்தோருக்கு அனுப்பிப் போட்டார். அவையின்ர அபிப்பிராயம் கேக்காமல் அவர் ஒண்டும் எழுத ஏலாது. அவை ஆறுதலாத்தான் பாப்பினம்."

"அபிப்பிராயம் யாரு கேட்டா? நாங்க எழுதுனத அனுப்பத்தான சொன்னோம்?"

"நீங்கள் தானே 'துரை ஊடாக' எண்டு போட்டனீங்கள்? ஊடாகப் போற கடிதத்துக்குத் துரை குறிப்பு எழுதத்தான் வேணும். அதுதான் முறை. நேர அனுப்பியிருந்தால் நான் கேட்டிருப்பனே?"

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. கணக்கு ஒப்புவிப்பதுபோல் சொன்னார். அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. கூட வந்து பின்னால் நின்ற வீரய்யா தொண்டையைச் செருமிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். மரியாதைக்குப் போடச் சொன்னவர் அவரும்தான். லயத்துக்கு இறங்கும்போது அதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. "பாக்கியம்தான் போடச் சொன்னிச்சு" என்றுதான் மாலையில் பீலி வரிசையில் பேச்சு ஓடியது. அவள் மறுக்கவில்லை. சொன்னது அவள்தான்.

ஆகஸ்ட் மாதம் கடைசியில் கடிதம் கொழும்புக்குப் போனது. கம்பனியின் ஒரு பக்கக் கடிதத்துக்குப் பின்னால் ஊசி குத்திப் போனது. கோபுரத்துக்குக் கம்பனிக்கு ஆட்சேபனை இல்லை, வெட்டப்படும் தேயிலைச் செடிகளுக்கு நட்டஈடு பேசி முடிந்தது, தொழிலாளரின் தண்ணீர் விஷயத்தைத் தோட்டமே பார்த்துக்கொள்ளும். சரவணமுத்து இதை வாசித்துத் தமிழில் சொன்னார். ஐம்பது அடி தள்ளச் சொன்னதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

டிசம்பரில் சரோஜாதேவியிடமிருந்து பாக்கியலெட்சுமிக்கு ஓர் உறை வந்தது. ஆபிசில் ஒன்பது நாள் கிடந்துவிட்டு வந்தது. திட்டத்துக்கு அனுமதி கொடுத்த தாளில் ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்து, ஒரு வரியின் அடியில் சிவப்புக் கோடு போட்டிருந்தாள். துஷாந்தினி உரக்கப் படித்தாள். நிபந்தனை இருபத்துமூன்று: எண்பத்தேழாம் கோபுரத்துக்கு அத்திவாரம் தோண்டுவதற்கு முன்னர், கீழ்ப்பிரிவுக் குடியிருப்பாளருக்குத் தோட்டக் கம்பனி குழாய்வழிக் குடிநீர் வழங்க வேண்டும்.

"குடியிருப்பாளர்னு போட்டுருக்காங்கக்கா," என்றாள் துஷாந்தினி. "நம்மளத்தான்."

பிந்திப் போன கடிதத்தை யாரோ ஒருவர் படித்திருக்கிறார். பாக்கியலெட்சுமி அந்தத் தாளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினாள். கைநாட்டு வைத்த கிழவிகளிடமும் காட்டினாள். அன்றைக்கு மட்டும் யாரும் அவளைச் சீண்டவில்லை.

இரண்டாயிரத்து ஏழு மார்ச் மாதம் வேலைக்காரர்கள் வந்தார்கள். குழாய் வரவில்லை. முதல் நாள் காலையில் அவள் பெரட்டுக்குப் போகாமல் தாளை எடுத்துக்கொண்டு முளைக்குப் போனாள். கூட இன்னும் நாலைந்து பெண்கள். கொந்தராத்துக்காரரின் மேற்பார்வையாளர் மஹ்ரூப், நரைத்த தாடிக்காரர், தாளை வாங்கிப் படித்தார். நிதானமாகப் படித்தார்.

"சரிதாம்மா. இதுல இருக்கிறது நியாயம்தான். ஆனா இது கம்பனி தரவேண்டியது. எங்களுக்குத் தோண்டுங்கன்னு கடிதம் வந்திருக்கு."

"முன்னரேன்னு எழுதிருக்குதுங்களே. தோண்டுறதுக்கு முன்னரே."

"எழுதித்தான் இருக்கு." அவர் வேலையை நிறுத்திவிட்டு ஆபிசுக்குப் போய்க் கேட்டு வந்தார். அந்த மரியாதையை அவர் செய்தார். திரும்பி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. "பைப்புக்கு ஓடர் குடுத்தாச்சாம். ரெண்டு மாசத்துல வந்திருமாம். துரை எழுதியே தந்துட்டாரு. நான் என்னம்மா செய்ய? ஒதுங்கி நில்லுங்க, புள்ளைங்க யாரையும் இந்தப் பக்கம் விடாதீங்க."

பெண்கள் பாக்கியலெட்சுமியைப் பார்த்தார்கள். அவள் என்ன சொன்னாலும் செய்திருப்பார்கள். குழிக்குள் இறங்கி உட்கார் என்றால் உட்கார்ந்திருப்பார்கள். அவளுக்குப் பேர் போனது ஞாபகம் வந்தது, அவர்கள் நாலைந்து பேரின் பேரும் போனது ஞாபகம் வந்தது. துரை எழுதித் தந்துவிட்டார் என்ற சொல் அவள் தைரியத்தை எங்கேயோ பிடித்து நிறுத்தியது.

"எழுதிக் குடுத்துட்டாருன்னா சரி," என்றாள். "வாங்க போவோம். அரைப் பேராவது கெடைக்கும்."

அன்று பதினொரு மணிக்கு முதல் வெடி. மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள் காலடியில் அதை உணர்ந்தார்கள். மூன்றாம் நாள் பீலித் தண்ணீர் பிளேன்ரீ நிறத்தில் வந்தது. துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். பத்தாம் நாள் நூல்போல் வந்தது. ஏப்ரலில் சித்திரை வருஷப் பிறப்புக்கு ஒரு சொட்டும் இல்லை.

தோட்டம் தண்ணீர் ஏற்றிய ஒரு பவுசர் லொறி அனுப்பியது. கிழமைக்கு மூன்று நாள், பிறகு ஒரு நாள், பிறகு டயர் பழுது. கீழ்ப்பிரிவுப் பெண்கள் முக்கால் மைல் ஏறி மேற்பிரிவுப் பீலியில் கடைசி ஆளாக நின்றார்கள். மேற்பிரிவுக்காரிகள் தங்கள் குடம் எல்லாம் நிறைந்த பிறகுதான் இடம் விட்டார்கள். அவர்களையும் குறைசொல்ல முடியாது.

துஷாந்தினி மறுபடி எழுதினாள். இந்தத் தரம் மேலே யார் பெயரும் இல்லை. பாக்கியலெட்சுமியே தெமோதரைத் தபால் கந்தோருக்கு நடந்துபோய்ப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். ஆறு கிழமையில் மறுமொழி வந்தது. உங்கள் கடிதம் கிடைத்தது, கம்பனிக்கு நினைவூட்டப்பட்டுள்ளது. அடுத்த வருஷமும் எழுதினாள். அதே மறுமொழி, திகதி மட்டும் வேறு. துரை மாற்றலாகிப் போனார். புதுத் துரைக்கு விஷயம் தெரியாது, ஃபைலைப் பார்க்கவேண்டும் என்றார். சரவணமுத்து ஓய்வு பெற்றார். தெற்கே எரிவாயு நிலையத்துக்கு இன்னும் அடிக்கல் நடவில்லை என்று சரோஜாதேவி சொன்னாள். கோபுரம் கம்பி இல்லாமல் நின்றது.

இரண்டாயிரத்து ஒன்பதிலும் பாக்கியலெட்சுமி எழுதினாள். துஷாந்தினி கல்யாணமாகிப் போய்விட்டதால் தானே எழுதினாள். எழுத்துகள் தனித்தனியாகத்தான் நின்றன. வணக்கம், நலம் ஒன்றும் எழுதவில்லை. விஷயத்தை மட்டும் எழுதிக் கையெழுத்து வைத்தாள்: நிபந்தனை இருபத்துமூன்றின்படி கீழ்ப்பிரிவில் இருக்கும் நாற்பத்திரண்டு குடும்பங்களுக்குக் கம்பனி குழாய்த் தண்ணீர் கடன்பட்டிருக்கிறது, இன்னும் தரவில்லை.